பிரிவதா, முதிர்வதா: தசைக் கலங்களும் நொதியங்களும்

கேள்வி: ஒரு நொதியம் தசைக் கலத்தின் வளர்ச்சியைத் தூண்டுகிறது என்று ஓரிடத்திலும், தடுக்கிறது என்று வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி? (உயர்தர உயிரியல் மாணவி, கொட்டாஞ்சேனை)

இரண்டும் சரியாக இருக்கலாம்; எந்தக் கட்டத்தைப் பற்றிய கூற்று என்பதே முக்கியம். தசையின் முன்னோடிக் கலம் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் வரை முதிர்வதில்லை. முதிர்ந்து நாரான பின் அதன் கருக்கள் பிரிவதில்லை. வளர்ச்சிக் காரணிகள் நிறைந்திருக்கும்போது ஈஆர்கே என்னும் கைனேஸ் (பொஸ்பேற்றை ஏற்றும்) நொதியம் கலத்தைப் பிரிவுப் பாதையிலேயே வைத்திருக்கிறது. அவை குறைந்ததும் பி38 என்னும் மற்றொரு கைனேஸ் மேலோங்கி, மெஃப்2 புரதத்தில் பொஸ்பேற்றை ஏற்றி, 1987இல் அடையாளங்காணப்பட்ட மையோடி புரதத்தோடு அது சேர்ந்து தசைக்குரிய மரபணுக்களை இயக்க வழிசெய்கிறது. ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் எலியின் சீ2சீ12 என்னும் தசை முன்னோடிக் கலங்களுக்குக் கொடுக்கும், வளர்ச்சிக் காரணிகள் கொண்ட சீரத்தை 2 சதவீதக் குதிரைச் சீரமாகக் குறைத்துப் பாருங்கள்: சில நாட்களில், சிதறிக் கிடந்த கலங்கள் நீண்டு, ஒரே திசையில் அணிவகுத்து, ஒன்றோடொன்று இணைந்து, பல கருக்களைக் கொண்ட குழாய்களாகிவிடும். நுணுக்குக்காட்டியில் அதை முதன்முதலாகக் கண்ட நாளை நான் மறக்கவில்லை. பி38ஐத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தால் அந்த இணைவு பெரிதும் குன்றிவிடும்.

கேள்வி: இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலிருந்த அம்மாவின் தொடை சில வாரங்களில் மெலிந்துவிட்டது. ஏன்? (வாசகர், வெள்ளவத்தை)

இன்சுலினும் அதையொத்த வளர்ச்சிக் காரணியும் அக்ட் என்னும் நொதியத்தைத் தூண்டும்போது, அது எம்டோர் என்னும் மற்றொரு நொதியத்தின் வழியாகப் புரத உற்பத்தியைக் கூட்டுவதோடு, ஃபொக்சோ புரதத்தைக் கருவுக்குள் நுழையவிடாமலும் காக்கிறது. தசைக்கு வேலையில்லாதபோது இந்தக் காவல் தளர்கிறது; ஃபொக்சோ கருவுக்குள் சென்று, தசைப் புரதங்களைச் சிதைக்கும் நொதியங்களின் மரபணுக்களை இயக்குகிறது. நார்கள் பெரும்பாலும் மெலிகின்றனவே தவிர அழிவதில்லை என்பதால், மருத்துவரின் அனுமதியுடன் உடற்பயிற்சிச் சிகிச்சையை விரைவில் தொடங்குங்கள். போதிய புரத உணவும் அவசியம். 1961இல் விவரிக்கப்பட்ட துணைக்கலங்கள் என்னும் தசை முன்னோடிக் கலங்கள் முதுமையிலும் நாரின் ஓரத்தில் இருந்து, காயமுற்ற தசையைச் சீர்செய்ய உதவுகின்றன.

கேள்வி: இந்த நொதியங்களைக் கூட்டும் மாத்திரை உண்டா? (உடற்பயிற்சி செய்பவர், பம்பலப்பிட்டி)

அப்படிச் சொல்லி விற்கப்படுவதை வாங்காதீர்கள். ஈஆர்கே, அக்ட் பாதைகள் கட்டுப்பாடின்றி இயங்குவது பல புற்றுநோய்களில் காணப்படும் மாற்றம். பாரம் தூக்கும் பயிற்சியே எம்டோரை வேண்டிய தசையில், வேண்டிய அளவுக்குத் தூண்டுகிறது.

கேள்வி: இரத்தப் பரிசோதனையில் வரும் சீபீகேயும் இவைபோல் கலத்துக்குள் கட்டளை கடத்தும் சமிக்ஞை நொதியமா? (வாசகி, மட்டக்குளி)

இல்லை. அது தசையின் சக்தி வழங்கலுக்கு உதவும் கிரியேட்டின் கைனேஸ். தசை சேதமுறும்போது இரத்தத்தில் கசிகிறது.