பதினொரு மணிக்கு ஆளில்லாத உப்பளம்: குறுகிய பணிப்பயணத்தை எப்படிச் சொல்வது?

கேள்வி: சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட அலுவலராகப் பணிபுரிகிறேன். உப்பளத் தொழிலாளர்களுக்கான கண் மருத்துவ முகாமைத் திட்டமிடுவதற்காகச் சென்ற மாதம் தூத்துக்குடிக்கு இரண்டு நாள் பயணம் சென்று வந்து, 12 பக்க அறிக்கை அளித்தேன். அதைப் படித்த மேலாளர், “எல்லாம் இருக்கிறது, ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை” என்றார். அடுத்த வாரம் நன்கொடையாளர்கள் முன் இதைப் பற்றி 10 நிமிடம் பேசவும் வேண்டும். இரண்டே நாளில் பார்த்ததை மிகைப்படுத்தாமலும் சலிப்பூட்டாமலும் சொல்வது எப்படி? அறிக்கையை இணைத்துள்ளேன்.

பதில்: உங்கள் அறிக்கையை இரண்டு முறை படித்தேன். முதல் பக்கம் முழுவதும் ரயில் வந்து சேர்ந்த நேரம், தங்கிய விடுதி, சந்தித்த அலுவலர்களின் பதவிகள் என்றே செல்கிறது. ஏழாம் பக்கத்தின் நடுவில், “காலை 11 மணிக்கு உப்பளத்தை அடைந்தபோது தொழிலாளர்கள் எவரும் இல்லை, அதிகாலை 3 மணிக்கே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள் என்று காவலாளி கூறினார்” என ஒரு வாக்கியம் வருகிறது. பத்தாம் பக்கத்தில், முகாம் காலை 10 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை நடைபெறும் என்று எழுதியிருக்கிறீர்கள். விடியலுக்கு முன்பே எழுந்து உழைத்துத் திரும்பியவர்கள் சமைத்து, உண்டு, கண்ணயரும் நேரத்தில்தான் அவர்களுடைய கண்களைச் சோதிக்க நீங்கள் திட்டமிட்டிருக்கிறீர்கள் என்பதை, அறிக்கையை எழுதிய நீங்களே கவனிக்கவில்லை.

இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. களப்பணியாளர்களுக்கு அறிக்கை எழுதப் பயிற்சி அளித்துவரும் இத்தனை ஆண்டுகளில் நான் அடிக்கடி கண்ட பழுது இதுதான்: பயணம் செய்தவர் தமக்கு நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறார், அதனால் அந்த இடத்தைப் பற்றி அவர் அறிந்துகொண்டது, அவருடைய நிகழ்ச்சி நிரலுக்குள் எங்கோ புதைந்துவிடுகிறது. அதைத் தோண்டி எடுக்க நான் வழக்கமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். ஊரிலிருந்து திரும்பிய அன்று வீட்டில், “போன காரியம் என்ன ஆயிற்று?” என்று கேட்டவரிடம் முதலில் எதைச் சொன்னீர்கள்? பதவிப் பெயர்களையோ விடுதியையோ சொல்லியிருக்க மாட்டீர்கள். “போய்ப் பார்த்தால் அங்கே ஓர் ஆள் இல்லை” என்றுதான் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அறிக்கையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

அடுத்து, உங்கள் அறிக்கையில் இடம் இருக்கிறது, பொழுது இல்லை. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே வைக்கிறது; அந்த நிலத்துக்கே உரிய உயிர்கள், தொழில், உணவு முதலிய கருப்பொருளும், மாந்தரின் உணர்வாகிய உரிப்பொருளும் அதன் பிறகே வருகின்றன. செய்யுளுக்குச் சொன்ன இலக்கணத்தை அலுவலக அறிக்கைக்கு இழுக்கலாமா என்று தமிழாசிரியர்கள் என்னைக் கடிந்துகொள்ளக்கூடும். ஆயினும், நாளின் வேளையைச் சிறுபொழுது என்றும் ஆண்டின் பருவத்தைப் பெரும்பொழுது என்றும் பிரித்த அந்தப் பகுப்பைவிடக் களக்குறிப்பேட்டுக்குப் பொருத்தமான ஒன்றை நான் இதுவரை காணவில்லை. உப்பளத்தின் சிறுபொழுதை நீங்கள் தவறவிட்டதால் முகாமின் நேரம் தவறியது. பெரும்பொழுதைப் பற்றியோ அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.

குறுகிய பயணத்தில் ஏமாறுவது பெரும்பாலும் பெரும்பொழுதில்தான். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதத்தில் இராமநாதபுரம் மாவட்டச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்ற நான், கண்மாய் நிறைந்து கிடந்ததைக் கண்டு, “குடிநீர்த் தட்டுப்பாடு இல்லை” என்று எழுதிவிட்டேன். மே மாதம் அங்கே சென்ற சக பணியாளர் ஒருவர், பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நெடுந்தொலைவு செல்வதைக் கண்டு வந்து, என் வாக்கியத்தை என்னிடமே படித்துக் காட்டினார். நான் பார்த்தது பொய்யன்று. வடகிழக்குப் பருவமழை முடிகிற நேரத்தில் பார்த்ததை ஆண்டு முழுவதற்குமாகச் சொன்னதுதான் பொய்யாயிற்று. தூத்துக்குடியிலும் அப்படித்தான். கோடையில் செல்பவர் வெள்ளை வெளேரென்ற உப்பு அம்பாரங்களைக் காண்பார். நவம்பரில் செல்பவர் மழைநீர் தேங்கிய பாத்திகளையும் வேலையில்லாத வீடுகளையும் காண்பார். மழைக்கால மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குவதே அந்த இடைவெளிக்குச் சான்று. ஆகவே எந்த ஊருக்குச் சென்றாலும், “இன்னும் ஆறு மாதம் கழித்து வந்தால் இதே இடத்தில் என்ன பார்ப்பேன்?” என்று அங்குள்ள ஒருவரிடம் கேட்டு, அந்தப் பதிலை அவர் சொன்னதாகவே எழுதுங்கள். நேரில் கண்டது எது, கேட்டறிந்தது எது என்று வாசகருக்குத் தெரிந்துவிட்டால், இரண்டு நாள் பயணத்தின் குறுமை உங்களுக்குக் குறையாகாது.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறிக்கை முழுவதும் “உப்பு உற்பத்தி” என்று எழுதியிருக்கிறீர்கள். அளத்தில் இருப்பவர்களோ உப்பு விளைகிறது என்பார்கள். பாத்தி, விளைச்சல், வாருதல் என்று அவர்களுடைய பேச்சில் பாதி வேளாண்மைச் சொற்கள். உப்புநீரின் அடர்த்தியை ‘போமே’ என்ற டிகிரிக் கணக்கில் அளக்கிறார்கள் (இது வெப்ப அளவன்று); ஏறத்தாழ 3 டிகிரியில் இருக்கும் கடல்நீர், வெயிலிலும் காற்றிலும் சுண்டிச் சுண்டி 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்குகிறது. இந்த ஒரு விவரத்தைச் சொன்னால், ஒரு மழை பெய்தால் பல நாள் காத்திருப்பு ஏன் கரைந்துபோகிறது என்பதை நன்கொடையாளர் தாமாகவே விளங்கிக்கொள்வார். நீங்கள் எழுதிய “வாழ்வாதாரப் பாதிப்பு” என்ற தொடர் அந்த வேலையைச் செய்யாது. அதற்காக எல்லா வட்டாரச் சொற்களையும் அள்ளிக் கொட்டிவிட வேண்டாம். இரண்டோ மூன்றோ போதும்.

இனி அந்த 10 நிமிடம். காவலாளி சொன்னதோடு தொடங்கி, நீங்கள் என்ன எண்ணிச் சென்றீர்கள், எது மாறியது, அதனால் திட்டத்தில் எதை மாற்றுகிறீர்கள் என்பதற்குப் பாதி நேரத்தைக் கொடுங்கள். செலவுக் கணக்கைத் தாளில் கொடுத்துவிடலாம். கூர்மையான ஒருவர், “விடியுமுன் வேலை செய்பவர்களுக்கு வெயிலின் கண்கூச்சம் எப்படி வரும்?” என்று நிச்சயம் கேட்பார். சூரியன் எழுந்த பின்னரும் அவர்கள் எத்தனை மணி நேரம் அந்த வெண்பரப்பைப் பார்த்தபடி நிற்கிறார்கள், இருட்டில் எந்த வெளிச்சத்தில் வேலை செய்கிறார்கள் என்பதற்கு உங்கள் அறிக்கையில் பதில் இல்லை. பேசுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் அறிக்கையில் வரும், கூலியைப் பற்றிக் குறைகூறிய அம்மாவின் பெயரையும் படத்தையும் திரையில் காட்ட வேண்டாம். அடுத்த நாள் அவர் அதே அளத்துக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

அடுத்த பயணத்துக்கு ஒன்று: புறப்படும் முன்பே, அங்கே எதைப் பார்ப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை அரைப் பக்கம் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் ரயிலில் அதைப் பிரித்துப் படித்து, தவறாகிப்போன வரிகளின் கீழ்க் கோடிடுங்கள். அறிக்கையின் முதல் பத்திக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தக் கோடுகளுக்கு மேலேயே இருக்கும். உறங்கி எழுந்து மறுநாள் அலுவலகம் சென்றுவிட்டால், முன்பு என்ன நினைத்திருந்தோம் என்பது மறந்து, எல்லாமே முன்னரே தெரிந்திருந்தது போலத் தோன்றத் தொடங்கிவிடும்.

இப்போதைக்கு முகாமை மாலை 4 மணிக்கு மாற்றலாமா என்பதை உப்பளத் தொழிலாளர்கள் சிலரிடமாவது தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். தண்ணீர் வரும் நேரம், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரம் என்று அவர்களுக்கு வேறு கணக்குகள் இருக்கும்.