பட்டனை அழுத்தினால் ஓடட்டும் என்று ஆன்கிளிக்குக்குள் பிஎச்பி வரியை எழுதியிருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து பிஎச்பி ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிட முடியுமா?

முடியாது. நீங்கள் செய்திருப்பதுபோல ஆன்கிளிக்குக்குள் பிஎச்பி வரியை எழுதி, நானும் முதல் வேலையில் இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒரு கடைத் தளத்தில் ஷாப்பிங் கூடையைக் காலி செய்யும் ஃபங்ஷன் அது. பட்டனை யாரும் தொடவே இல்லை. பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் கூடை காலியானது!

ஒரே ஃபைலில் எழுதுவதால் இரண்டும் அக்கம்பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். பிஎச்பி ஓடுவது சர்வரில், ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது பிரவுசரில். பட்டன் உங்கள் கண்ணில் படும் நேரத்தில் பிஎச்பி வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். பிரவுசருக்கு வருவது அது கொடுத்த எச்டிஎம்எல் மட்டுமே. வியூ சோர்ஸ் போட்டுப் பாருங்கள், பிஎச்பி ஒரு வரிகூட இருக்காது.

சரி, அப்படியென்றால் எப்படிப் பேசவைப்பது? ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச் ஃபங்ஷன் மூலம் சர்வரில் வேறொரு பிஎச்பி ஃபைலுக்கு ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். அது ஜேசனாக (தகவலை வெறும் எழுத்தாக எழுதி அனுப்பும் வடிவம்) பதில் தரட்டும், அதை வைத்து ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தை மாற்றட்டும். 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற இணைய வடிவமைப்பாளர் அஜாக்ஸ் என்று பெயர் வைத்தது இந்த முறைக்குத்தான். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் பிஎச்பி முதலிலிருந்து ஓடும் என்பதை மறக்காதீர்கள். போன தடவை வைத்த வேரியபிள் எதுவும் இருக்காது. வேண்டுமென்றால் செஷனிலோ (ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் தனியாக வைத்திருக்கும் சேமிப்பு) டேட்டாபேஸிலோ போட்டுவைக்க வேண்டும்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ரிக்வெஸ்டில் தகவலை ஜேசனாக அனுப்பினால், ஃபார்மிலிருந்து வரும் தகவலைப் பிஎச்பி போட்டுவைக்கும் போஸ்ட் அரே ($_POST) காலியாகவே இருக்கும். வந்த தகவலை அப்படியே தரும் இன்புட் ஸ்ட்ரீமை (php://input) படித்து நீங்களே டீகோட் செய்ய வேண்டும். அப்புறம், சர்வர் 404 (கேட்டது இல்லை), 500 (சர்வரில் பிழை) என்று திருப்பி அனுப்பினாலும் ஃபெட்ச் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாது. பிழையைப் பிடிக்க எழுதிய கேட்சுக்குள் போகவில்லையே என்று தேடாமல், ரெஸ்பான்ஸின் ஓகே மதிப்பைப் பாருங்கள். என்ன போனது, என்ன வந்தது என்பதெல்லாம் எஃப்12 அழுத்தினால் நெட்வொர்க் டேபில் தெரியும்.

ஆனால் அங்கே உங்களுக்குத் தெரிவது பயனருக்கும் தெரியும், மாற்றியும் அனுப்பலாம். அதே கடைத் தளத்தில் பொருளின் விலையையும் பிரவுசரிலிருந்தே அனுப்பவைத்திருந்தேன். யாரோ ஒருவர் ஒரு மிக்ஸியை 1 ரூபாய்க்கு ஆர்டர் போட்டார். முதலாளி கூப்பிட்டுக் காட்டியபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. அன்றைக்கே, பொருளின் ஐடியையும் எண்ணிக்கையையும் மட்டும் வாங்கிக்கொண்டு விலையை டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்படி மாற்றினேன். எண்ணிக்கையில் மைனஸ் போடலாம் என்பது அடுத்த வாரம் தெரிந்தது.