அப்பாவுக்கு அடுப்படிக் கவலை, மகனுக்கு ராக்கெட் கனவு

கேள்வி: அக்கா, எனக்கு 52 வயது. சிங்கப்பூர் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் சேஃப்டி சூப்பர்வைசர். ஈசூனில் வீவக அடுக்குமாடி வீடு. மகனுக்கு 18, பாலிடெக்னிக்கில் பொறியியல் இரண்டாம் வருடம். சொந்தமாகச் செய்த ராக்கெட்டில் ஏறிப் பறந்து செத்துப்போன அமெரிக்கர் மைக் ஹியூஸின் வீடியோவைச் சாப்பிடும்போது காட்டினான். "இது தைரியமில்லை, முட்டாள்தனம்" என்றேன். "நீங்க வாழ்க்கை முழுக்க பயந்தே வாழ்ந்துட்டீங்கப்பா" என்று எழுந்து போய்விட்டான். மறுநாள் அவன் மேசையில் ஒரு தாள் இருந்தது. சர்க்கரையோடு ஒரு ரசாயனத்தைச் சேர்த்துக் காய்ச்சி ராக்கெட் மருந்து செய்யும் முறை. விடுமுறையில் கூட்டாளிகள் இரண்டு பேரோடு எங்கள் அடுப்படியில் செய்யப் போகிறானாம். இன்னும் எதையும் வாங்கவில்லை. தடுத்தால் கோழை என்பான், விட்டால் எனக்குத் தூக்கம் வராது. என்ன செய்வது?

பதில்: அண்ணே, முதலில் அடுப்படியைப் பேசிவிடுவோம். அந்த வேலை உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது, இதில் விவாதமே வேண்டாம், இன்றிரவே நேராகச் சொல்லிவிடுங்கள். எரிகிற பொருளும் அதை எரியவைக்கிற ஆக்சிஜனும் ஒரே சட்டியில் கலந்து கிடக்கும். பற்றிக்கொண்டால் மூடி போட்டு அணைக்க முடியாது, ஏனென்றால் அதற்கு வெளிக்காற்றே தேவையில்லை. மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்கார மக்சிக் பேரப்பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருப்பார், அவர்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வது இங்கே குற்றம் என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும். 1970 சீனப் புத்தாண்டில் பட்டாசால் ஆறு பேர் இறந்து, 1972இல் பட்டாசுக்கே முழுத் தடை வந்த ஊர் இது. அந்தத் தடைக்கு முந்தைய ஒரு தீபாவளியில் என் பெரியப்பா மகனுக்கு இரண்டு விரல் போனது. இன்றைக்கும் அவர் சட்டைப் பித்தான் போடும்போது நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

சரி, இனி ஹியூஸ். அவரை முட்டாள் என்று சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை, அண்ணே. பூமி தட்டை என்று அவர் பேசியதை விட்டுவிடுவோம். அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் நீராவி ராக்கெட் ஒன்றைச் செய்து, 2018 மார்ச்சில் கலிஃபோர்னியா பாலைவனத்தில் ஏறக்குறைய 1,875 அடி உயரம் போய் உயிரோடு இறங்கினார். மூடிய தொட்டியில் தண்ணீரைக் கொதிநிலைக்கு மேலே சூடாக்கி, அழுத்தம் ஏறியதும் பின்வாயைத் திறந்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகி, மீதித் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு சீறி வெளியேறும், ராக்கெட் முன்னால் பாயும், அவ்வளவுதான் அதன் வித்தை. ஏறிவிடலாம். இறங்குவதற்குத்தான் பாரசூட்டை நம்ப வேண்டும். 2018இல் இரண்டு பாரசூட் விரித்தும் பலமாக அடிபட்டுத்தான் இறங்கினார். 2020 பிப்ரவரி 22 அன்று பார்ஸ்டோ பக்கம் 5,000 அடி இலக்கு வைத்துக் கிளம்பினார், கிளம்பிய கையோடு பாரசூட் பிய்ந்துகொண்டு போனது. அப்போது அவருக்கு வயது 64. உங்கள் மகன் காட்டியது அந்த வீடியோதான். அதைப் பார்த்துவிட்டு எனக்கும் வெகுநேரம் நெஞ்சு அடைத்தது.

ஆனால் இந்தக் கதை அதற்கு வெகுகாலம் முன்பே ஒருமுறை நடந்தது. 1974 செப்டம்பர் 8, ஐடஹோவில் ஸ்நேக் நதிப் பள்ளத்தாக்கைத் தாண்ட மோட்டார்சைக்கிள் சாகசக்காரர் ஈவல் கினீவல் ஒரு நீராவி ராக்கெட்டில் ஏறினார். வடிவமைத்தவர் ராபர்ட் ட்ருவாக்ஸ், அமெரிக்கக் கடற்படையில் ராக்கெட் வேலை பார்த்தவர். ஆளில்லாமல் விட்டுப் பார்த்த சோதனைகளும் பள்ளத்தாக்கைத் தாண்டவில்லை. அப்படியும் ஏறினார். சாய்தளத்தை விட்டு எழும்பும்போதே பாரசூட் விரிந்துவிட்டது, காற்று தள்ளிக்கொண்டு வந்து ஆற்றோரத்தில் போட்டது. கொஞ்சம் தள்ளி ஆற்றுக்குள் விழுந்திருந்தால் கட்டியிருந்த வாரோடு மூழ்கியிருப்பார்.

அப்புறம் நடந்ததைத்தான் உங்கள் மகன் கேட்க வேண்டும். ட்ருவாக்ஸ் 2010இல் இறந்துவிட்டார். அவருடைய மகன் ஸ்காட், அப்பாவின் வரைபடங்களை எடுத்து அதே நீராவி ராக்கெட்டை மறுபடியும் செய்தார், பாரசூட் அமைப்பை மாற்றினார். 2016 செப்டம்பர் 16 அன்று எடி பிரவுன் என்ற சண்டைக்காட்சிக் கலைஞர் அதில் ஏறி அதே பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ப்பக்கம் இறங்கினார். ராக்கெட்டைப் பற்றி அப்பா போட்ட கணக்கு சரிதான் என்று 42 வருடம் கழித்து மகன் காட்டிவிட்டார். எனக்கு அந்த ராக்கெட்டைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

பிரவுனுக்கும் பயம் இருந்திருக்கும், கினீவலுக்கும் இருந்திருக்கும், பயத்தை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. எது கெடும் என்று தெரிந்த பிறகு, ஏறுவதற்கு முன்னால் அதற்கு என்ன செய்தாய், கெட்டால் யார் தலையில் விழும், இந்த இரண்டையும்தான் நான் கேட்பேன். இரண்டாவது கேள்வியில் ஹியூஸ் தேறினார், ஆளில்லாத பாலைவனத்தைத் தேடிப் போனார். ஈசூன் அடுப்படியில் அதுவும் இல்லை.

இந்தக் கேள்விகளை வைத்துத்தானே அண்ணே நீங்கள் தினமும் சோறு தின்கிறீர்கள்? காலையில் வேலைக்கு முன்னால் ஆபத்துகளைப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங், பெர்மிட் இல்லாமல் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது, ஹார்னஸ் கொக்கி மாட்டாதவனைச் சாரத்திலிருந்து கீழே இறக்கிவிடுவது, முதலாளி அவசரப்படுத்தும்போது கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்பது. இதில் ஒன்றையாவது மகனிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவீர்கள், அவன் பார்த்ததெல்லாம் எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' சொல்கிற ஒரு அப்பாவைத்தான். நீங்கள் வேலையை நிறுத்தியதால் ஒருவர் உயிரோடு வீட்டுக்குப் போன நாள் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைச் சொல்லுங்கள். "முட்டாள்தனம் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது" என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஆசையை அணைக்க வேண்டாம், அதற்கு வழி இருக்கிறது. 1957இல் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கப் பையன்கள் பலர் வீட்டில் மருந்து கலந்து விரலையும் கண்ணையும் இழந்தார்கள். அதைப் பார்த்துத்தான் ஹாரி ஸ்டைன் போன்ற ராக்கெட்காரர்கள் பிள்ளைகளுக்கென்று விதிகள் எழுதினார்கள்: மோட்டார், அதாவது மருந்து அடைத்த குழாய், தொழிற்சாலையில் செய்ததாக இருக்க வேண்டும், உடல் காகிதமோ மரமோ பிளாஸ்டிக்கோ, தள்ளி நின்று மின்சாரத்தால் பற்றவைக்க வேண்டும். பட்டனை அழுத்தியும் கிளம்பவில்லையா, பேட்டரியைக் கழற்றிவிட்டு 60 விநாடி யாரும் கிட்டே போகக் கூடாது. உங்கள் பட்டறைக்காரர் எழுதியதைப் போலவே இருக்கிறது, இல்லையா?

இங்கே அந்த மோட்டாரும் அனுமதியில்லாமல் கூடாது. அதனால் தண்ணீர் ராக்கெட்டில் தொடங்கட்டும், ஒன்றரை லிட்டர் குளிர்பான பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப். நெருப்பு கிடையாது, ஆனால் உந்துவிசையும் பாரசூட்டும் அப்படியே உண்டு, அந்தப் பாரசூட்டைச் சரியான நேரத்தில் விரிய வைப்பதற்குள் அவனுடைய இரண்டாம் வருடம் முடிந்துவிடும். செம்பவாங் விமானத் தளம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் புளோக் கீழே திடலில் விடாமல், பாலி விரிவுரையாளரிடம் கேட்டு அவர்கள் சொல்லும் இடத்தில் செய்யட்டும். டிஎஸ்ஓ தற்காப்பு ஆய்வுக்கூடமும் அறிவியல் நிலையமும் சேர்ந்து நடத்தும் பறக்கும் பொறிகள் போட்டியையும் விசாரிக்கச் சொல்லுங்கள், அந்தக் கூட்டாளிகள் இருவரையும் சேர்த்தே அனுப்புங்கள்.

மேசையில் இருந்த அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள். அதைத் திருப்பிப் போட்டு, தண்ணீர் ராக்கெட்டில் எதெது கெடலாம் என்று பின்பக்கத்தில் இரண்டு பேரும் எழுதுங்கள். முதல் வரியை அவன் எழுதட்டும்.