விடுதி அறையில் வழிபாடு: மாணவர் கேள்விகளுக்கு அக்காவின் பதில்கள்

பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் மாணவர் சத்சங்கம் நடத்தியவள் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, விடுதியில் தீ ஏற்றக்கூடாதாம். பேட்டரி விளக்கு வைத்தால் தோஷமா?

தோஷமே இல்லை. ஒளிந்து கற்பூரம் ஏற்றுவதுதான் தப்பு, அடுத்த அறையில் தூங்குபவரின் உயிரும் அதில் இருக்கிறது. கீதை 9ஆம் அத்தியாயம் 26ஆம் சுலோகத்தில் கண்ணன் கேட்பது இலை, பூ, பழம், நீர், அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக் கும்பிடுங்கள்.

ஊரிலிருந்து அம்மா சொல்லும் ஏகாதசி ஒரு நாள், வெளிநாட்டில் இங்கே கோயிலில் வேறு நாள். எது சரி?

நீங்கள் இருக்கும் ஊரின் நாள்தான் சரி. சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி 12 பாகை கூடினால் ஒரு திதி. அது உலகம் முழுவதும் ஒரே கணத்தில் பிறக்கிறது. ஆனால் எந்தக் கிழமைக்கு எந்தத் திதி என்பதை அந்தந்த ஊரின் சூரிய உதயத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் அமெரிக்காவில் சில சமயம் நம் ஊரைவிட ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடும். ராகு காலமும் அப்படித்தான். திங்கள் 7.30 முதல் 9 வரை என்பது 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துச் சொன்ன கணக்கு. குளிர்காலத்தில் 8 மணிக்கு விடியும் ஊரில் அது எப்படிப் பொருந்தும்? உங்கள் ஊரின் பெயரைக் கொடுத்துக் கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அம்மாவிடமும் இதை விளக்கிச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

தேர்வு அன்று விரதம் இருக்கலாமா?

வேண்டாம் தம்பி. மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாமலே இருப்பவனுக்கும் இல்லை என்கிறது கீதை (6:16).

அறைத்தோழன் வேறு மதம். ஜபம் செய்யக் கூச்சமாக இருக்கிறது.

வாய்விட்டுச் சொல்வது, உதடு மட்டும் அசைவது, மனசுக்குள் சொல்வது என ஜபம் மூன்று வகை. மூன்றில் மனசுக்குள் சொல்வதையே உயர்வாக வைத்தார்கள். கூச்சத்துக்கு இடமே இல்லை. இருந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அந்தப் பத்து நிமிடம் உங்களைக் கூப்பிட மாட்டார்.

பஜனைக்கு முதல் வாரம் இருபது பேர், இப்போது மூன்று பேர். நிறுத்திவிடலாமா அக்கா?

நிறுத்தாதீர்கள். மூன்று பேர் தாராளம். அதே கிழமை, அதே நேரம், அதே அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்து ஒருவர் திரும்பி வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும். ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடும் நாமாவளிகளையே எடுங்கள், பாட்டே தெரியாதவரும் சேர்ந்துகொள்வார். தமிழர், குஜராத்தி, நேபாளி என்று பலரும் வருவார்கள், ஆகவே பொருளையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். யார் சாமி பெரிது என்ற பேச்சை மட்டும் உள்ளே விடாதீர்கள். அந்த ஒரு பேச்சால் நல்ல குழுக்கள் உடைந்ததைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

அப்புறம், புதிதாக வருபவருக்கு அன்றே ஒரு வேலை கொடுங்கள், பாய் விரிப்பதானாலும் சரி. நீங்கள் கடைசி ஆண்டு என்றால் இந்தப் பருவத்திலேயே முதலாண்டு மாணவர் ஒருவரைத் தாளம் பிடித்து முன்பாட வையுங்கள்.