வாரம் ஆறு மணி நேரத் தொண்டு ஏன் இவ்வளவு கனக்கிறது?

வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் தொண்டு, ஆனாலும் படிக்க உட்கார்ந்தால் மனம் ஒட்டவில்லை, விட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. விட வேண்டாம். ஆனால் எந்தப் பொறுப்பைச் சுமக்கிறீர்கள் என்று பாருங்கள்.

நானும் மாணவனாக இந்த வெளிநாட்டுக்கு வந்த முதல் ஆண்டிலேயே எங்கள் வழிபாட்டுக் குழுவின் சிறுவர் வகுப்புக்குப் பொறுப்பேற்றேன். வகுப்பு என்னவோ ஒன்றரை மணி நேரம்தான். ஒரு பரீட்சைக்கு முந்தின நாள், நூலகத்தில் ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தேன், ஒரு வரிகூட ஏறவில்லை. கவிழ்த்து வைத்த கைபேசி மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. நாளைக்கு யார் வகுப்பெடுப்பது, அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே உள்ளே ஓடியது. அன்று தொண்டுக்கென்று நான் ஒரு நிமிடம்கூடச் செலவிடவில்லை.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் கொஞ்சம் பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் எழுதினார். மனச்சுமையை அளக்க நாசாவில் உருவான கேள்வித்தாளிலும் ஆறு அளவுகளில் ஒன்றுதான் நேர நெருக்கடி. எரிச்சலும் மன உளைச்சலும் அதில் தனியாகவே கணக்கில் வருகின்றன. மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் உங்களுக்கே உங்கள் களைப்பு புரியாது.

வெளிநாட்டில் இன்னொரு கனமும் சேரும். நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே இடம் பல நேரம் வழிபாட்டுக் குழுதான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கதவைத் தட்டியவர்களும் அந்தக் குழுவினர்தான். அதனால் "முடியாது" என்று சொன்னால் இறைவனையே மறுத்த மாதிரி நெஞ்சு உறுத்தும். அந்த உறுத்தலோடு தலையாட்டிவிட்டு இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள்.

முடியாமல் நிற்கும் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமிட்டுவிட்டாலே அது மனதை இழுப்பது குறைகிறது என்று உளவியலாளர்கள் மசிகாம்போ, பாமெய்ஸ்டர் இருவரும் 2011-இல் காட்டினார்கள். புத்தகத்தைத் திறக்குமுன் அந்தத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள், எனக்கு இது நன்றாகவே உதவியது. பருவம் தொடங்கும் வாரமே பரீட்சைத் தேதிகளைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். நான் கடைசி வாரத்தில் போய்ச் சொன்னேன். நான் விலகியதை அவர் பெரிதாக எடுக்கவில்லை, பிந்திச் சொன்னதுதான் அவருக்கு வருத்தம்.

அடுத்த பருவம் நாற்காலி அடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கினேன். போனோம், அடுக்கினோம், கதவைப் பூட்டினோம். அன்றிரவு நிம்மதியாகப் படித்தேன்.