அரசுக் கட்டடத்தில் எரிவாயு கூடாதா?

கேள்வி: அமெரிக்க மத்திய அரசுக் கட்டடங்களில் எரிவாயு, எண்ணெய் எரிக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே, நிஜமா?

பதில்: இருக்கிறது, ஆனால் எல்லாக் கட்டடத்துக்கும் இல்லை. 2007 எரிசக்திச் சட்டத்தின் 433-ஆம் பிரிவு, பெரிய செலவில் புதிதாகக் கட்டுபவற்றுக்கும் அடியோடு புதுப்பிப்பவற்றுக்கும்தான் பொருந்தும். 2003-இல் அதே மாதிரிக் கட்டடம் செலவழித்த புதைபடிவ எரிபொருளோடு ஒப்பிட்டு, 2010-இல் 55 சதவீதம் குறை, 2020-இல் 80, 2030-இல் முழுசாக நிறுத்து என்று படிப்படியாகச் சொன்னது. அதை அமல்படுத்தும் இறுதி விதி வந்ததோ 2024-இல். இந்தத் தாமதத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை, ஏனென்றால் கட்டும்போது கட்டடத்தைச் சூடாக்க எரிவாயுக் கொதிகலனை வைத்துவிட்டால் அது இருபது வருஷத்துக்கு மேல் எரிந்துகொண்டே இருக்கும், அப்புறம் சுவரை உடைத்துக் குழாய் மாற்ற யார் பணம் ஒதுக்குவார்கள்? வரைபடத்திலேயே வெப்ப பம்ப் என்று முடிவு செய்துவிடலாம். அது வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும்.