கோழிகள் மடிந்தன, வாத்துகள் நலமாக உள்ளன: இது பறவைக் காய்ச்சலா?

வணக்கம். இரண்டு நாட்களில் உங்கள் கோழிகள் அனைத்தும் இறந்துவிட்டதையும், அதே குளத்தைப் பகிரும் வாத்துகள் நலமாக இருப்பதால் இது பறவைக் காய்ச்சலாக இருக்காது என்று நீங்கள் கருதுவதையும் படித்து மிகவும் வருந்தினேன். அந்த முடிவை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள்.

எச்5என்1 போன்ற கடும் வகைப் பறவைக் காய்ச்சல் வைரஸ் கோழியின் உடலில் ஏறக்குறைய எல்லா உறுப்புகளுக்கும் பரவி, பெரும்பாலும் 48 மணி நேரத்திற்குள் கொன்றுவிடுகிறது. வான்கோழியும் அவ்வாறே எளிதில் பலியாகிறது. வாத்துகளிடமோ, வைரஸை உடனே இனங்கண்டு எதிர்ப்பைத் தூண்டும் ரிக்-ஐ என்ற மரபணு உள்ளது. கோழிகளிடம் அது இல்லை. ஆகவே பல வாத்துகள் நோய்க்குறியே இல்லாமல் எச்சத்தின் வழியாக வைரஸைக் குளத்து நீரில் கலந்துகொண்டே இருக்கக்கூடும். (எல்லா நீர்ப்பறவைகளும் இப்படித் தப்புவதில்லை: அன்னங்கள் பெருமளவில் இறக்கின்றன, 2002-க்குப் பிறகு தோன்றிய சில வகைகள் வாத்துகளையும் கொன்றுள்ளன.)

கோழிகளைத் தாக்கும் மற்றொரு வைரஸ் நோயான வெள்ளைக்கழிச்சலும் இதேபோல் தோன்றுமாதலால், தொண்டையிலும் எச்சத்துளையிலும் எடுக்கப்படும் மாதிரியின் ஆய்வக முடிவே உறுதி தரும். அதுவரை வாத்துகளை விற்கவோ, அறுக்கவோ, இடம் மாற்றவோ வேண்டாம். இறந்த கோழிகளை வெறுங்கையால் தொடாமல், இன்றே அரசு கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.